உதிரும் உரோமம் உரைக்கும் வரலாறு



வரலாறு என்றவுடன் உங்கள் நினைவுக்கு வருவன யாவை? கோட்டைகள், போர்கள், முடிசூட்டு விழாக்கள், மனப்பாடம் செய்ய முடியாத ஆண்டெண்கள். முப்பத்தைந்து ஆண்டுகள் அவற்றையே கரும்பலகையில் எழுதிப்போட்டவன் நான். இன்று வேறோர் ஏட்டைப் புரட்டிக் காட்ட விரும்புகிறேன். அந்த ஏடு பத்தமடையில் என் வீட்டுத் திண்ணையில் படுத்திருக்கிறது. அதற்கு நான்கு கால்களும் சுருண்ட ஒரு வாலும் உண்டு.

பங்குனி பிறந்தால் எங்கள் வெண்ணாய் உரோமம் உதிர்க்கத் தொடங்கும். வேட்டியில் உரோமம், புத்தகத்தில் உரோமம், எங்கள் ஊருக்குப் பெயர் தேடித் தந்த கோரைப்பாயின் இடுக்குகளிலும் உரோமம். “இது நோயா, தாத்தா?” என்று என் பேரன் கேட்டான். நோயன்று, அது நாயின் பழைய வரலாறு. அதை எப்படிப் படிப்பது என்பதே இன்றைய பேச்சு.

நாயின் மூதாதை ஓநாய். மனிதன் உழவு கற்பதற்கு முன்பே நாய் அவனோடு சேர்ந்துவிட்டது. செருமனியில் ஓபர்காசெல் என்னும் இடத்தில் 1914ஆம் ஆண்டில் ஒரு பழைய புதைகுழி வெளிப்பட்டது. ஏறத்தாழ 14,000 ஆண்டுகளுக்கு முன் மனிதரோடு நாயையும் அதில் அடக்கம் செய்திருந்தார்கள். நம் நாட்டுச் சான்றும் உண்டு. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் ஒரு நடுகல் நிற்கிறது. மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது. அதாவது 7ஆம் நூற்றாண்டு. வீரனோடு அவனுடைய நாயும் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன் என்று கல்வெட்டு சொல்கிறது. எத்தனையோ மனிதரின் பெயர் மறைந்துபோன காலத்தில் ஒரு நாயின் பெயர் கல்லில் நிலைத்தது.

இனி உரோமத்துக்கு வருவோம். குளிர்நாட்டு விலங்குகளுக்கு இரண்டு அடுக்கு உரோமம் உண்டு. மேலே நீண்ட, முரட்டு உரோமம். அடியில் பஞ்சு போன்ற மெல்லிய உரோமம். பனிக்காலத்தில் அடியுரோமம் அடர்ந்து போர்வையாகும். வேனில் வரும்போது கழன்று விழும். பருவம் மாறுவதை உடல் எவ்வாறு அறிகிறது? வெப்பத்தால் மட்டும் அன்று. பெரும்பாலும் பகலின் நீளத்தால். கண்ணில் படும் ஒளியின் அளவைக் கொண்டு மூளையிலுள்ள பீனியல் சுரப்பி, இரவு நேரத்தில் மெலட்டோனின் என்னும் பொருளைச் சுரக்கிறது. இரவு நீண்டால் நெடுநேரம் சுரக்கும். இரவு குறைந்தால் சுரப்பும் குறையும். உரோமத்தின் வேர்கள் இந்தக் குறிப்பை அறிந்து நடக்கின்றன. அப்பொருளை 1958ஆம் ஆண்டில் பிரித்தெடுத்தவர் அமெரிக்க மருத்துவர் ஆரன் லெர்னர்.

இலண்டனில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஏறத்தாழ 9 மணி நேர வேறுபாடு உண்டு. நிலநடுக்கோட்டுக்கு அருகிலுள்ள நம் தாமிரபரணிக் கரையில் அந்த வேறுபாடு 1 மணி நேரம்தான். ஆகவே இங்குள்ள நாய் ஒரே மூச்சில் உதிர்க்காமல், ஆண்டு முழுவதும் சிறிது சிறிதாகவும், பருவம் மாறும்போது சற்று மிகுதியாகவும் உதிர்க்கிறது. இரவெல்லாம் மின்விளக்கு எரியும் வீட்டில் இந்தக் கணக்கு இன்னும் குழம்பும்.

அண்டை வீட்டில் கன்னி இன நாய் ஒன்று உண்டு. கருமேனி, நீண்ட கால்கள், உடம்போடு ஒட்டிய குறுமயிர். இராஜபாளையம், சிப்பிப்பாறை இன நாய்களும் அப்படியே. கரிசல் வெயிலில் முயல் துரத்தியவற்றுக்குப் போர்வை எதற்கு? என் வெண்ணாயின் கதை வேறு. அதன் முன்னோர் பொமரேனியா என்னும் பால்டிக் கடற்கரை நாட்டைச் சார்ந்த குளிர்ப்பிரதேச இனம். விக்டோரியா அரசியார் 1888ஆம் ஆண்டில் இத்தாலி சென்றபோது அவ்வினத்து நாயை விரும்பி வாங்கினார். அது முதல் அதற்கு மதிப்பு உயர்ந்தது. ஆங்கிலேயர் ஆட்சியில் அதன் உறவினம் நம் நாட்டிலும் பெருகியது. நம் ஊர் வெயிலில் பல தலைமுறை பிறந்து வளர்ந்தும், பனிநாட்டுப் போர்வையை அது இன்னும் களையவில்லை.

இதை அறியாமல் நான் செய்த பிழை ஒன்றைச் சொல்ல வேண்டும். 1986ஆம் ஆண்டு; அக்கினி நட்சத்திரம். அப்போது நான் இளம் ஆசிரியன். முன்பு வளர்த்த வெண்ணாய் நாவைத் தொங்கவிட்டு இரைப்பதைக் கண்டு இரங்கினேன். கத்தரிக்கோலை எடுத்து, தோல் தெரியும்வரை உரோமத்தை வெட்டித் தள்ளினேன். அதற்கு நன்மை செய்ததாகவே எண்ணினேன். மூன்றாம் நாள் முதுகுத்தோல் சிவந்து வெடித்தது. நாய்க்கு நம்மைப்போல் உடம்பெங்கும் வியர்ப்பதில்லை. இரைப்பதால்தான் அது வெப்பத்தைத் தணித்துக்கொள்கிறது. மேலுரோமமோ வெயில் தோலில் படாமல் காக்கும் கூரை. நான் அந்தக் கூரையைப் பிரித்துவிட்டேன். சில இடங்களில் உரோமம் மீண்டும் வளரவேயில்லை. அந்த நாய் வாழ்ந்த நாள்வரை, கத்தரிக்கோலின் ஓசை கேட்டால் கட்டிலுக்கடியில் ஒளிந்துகொண்டது. வகுப்பில் வரலாறு கற்பித்தவன், வீட்டில் ஒரு வரலாற்றைப் படிக்கத் தவறினேன்.

சரியான முறை பின்னர்ப் புலப்பட்டது. பாதி கற்பித்தவர் கால்நடை மருத்துவர். மறுபாதி எங்கள் தெருவில் பாய் நெய்யும் ஓர் அம்மாள். இந்த வெண்ணாய் வந்த புதிதில், உரோமத்தை எதிர்ப்பக்கமாக நான் இழுத்துச் சீவுவதைப் பார்த்த அவர், “வாத்தியாரய்யா, கோரையை அது போற போக்குலதான் கிழிக்கணும், எதிர்த்தா முறிஞ்சிரும். இதுவும் அப்படித்தான்” என்றார். ஒரு பாயின் நயத்துக்காகக் கோரையை நார் நாராகக் கிழித்துப் பழகிய விரல்களின் அறிவு அது.

நான் செய்வது இதுதான். மாலை வெயில் தாழ்ந்தபின் திண்ணையில் பழைய பாயை விரித்து நாயைப் படுக்கவைப்பேன். முதலில் விரல்களால் உடம்பைத் தடவுவேன். புண், கட்டி, உண்ணி எதுவும் கைக்குத் தட்டுப்படும். சிக்கு இருந்தால் விரலால் பிரித்துவிட்டு, அகன்ற பல்சீப்பால் உரோமம் படிந்த போக்கிலே, பகுதி பகுதியாகச் சீவுவேன். காதின் பின்புறமும் தொடையிடுக்கும் சிக்கு மிகுந்த இடங்கள். உண்ணியைத் தேடப் பேன்சீப்பு உதவும். குளிப்பாட்டுவது சீவிய பிறகே; நனைந்த சிக்கு இறுகிவிடும். நம் சோப்பு அதன் தோலுக்கு ஒவ்வாது. குளித்தபின் அடியுரோமம் வரை உலர வேண்டும். ஈரம் தங்கினால் புண் வரும். வட்டவட்டமாக உரோமம் கழன்றாலோ, தோல் சிவந்து அரித்தாலோ அது பருவ உதிர்வு அன்று. மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

குறுமயிர் நாய்க்கு இவ்வளவு வேலை இல்லை. ஈரத்துணியால் துடைத்தாலே போதும். வெயிலுக்கேற்ற அந்த நாட்டு இனங்களைத்தான் நாம் நெடுங்காலம் மதியாமல் இருந்தோம். இந்திய அஞ்சல்துறை 2005ஆம் ஆண்டில் நான்கு நாயினங்களுக்கு அஞ்சல்தலை வெளியிட்டபோது, இராஜபாளையம் நாயும் அவற்றுள் ஒன்றாக இருந்தது. அந்த மதிப்பு அஞ்சல்தலையோடு நின்றுவிடாமல் வீட்டு வாசலுக்கும் வர வேண்டும். வடநாட்டுப் பனிமலை நாயையும் சைபீரிய நாயையும் விலை கொடுத்து வாங்கி நம் சித்திரை வெயிலில் கட்டிவைக்குமுன், அதன் உரோமம் என்ன சொல்கிறது என்று கேட்க வேண்டாமா?

நேற்று மாலை சீவி முடித்தபோது பாயின்மீது கைப்பிடி வெண்பஞ்சு கிடந்தது. பேரன் அதை அள்ளி, “இதை என்ன செய்வது, தாத்தா?” என்றான். முருங்கை மரத்தடியில் போடச் சொன்னேன். இன்று காலை ஒரு சிட்டுக்குருவி அதிலொரு கற்றையைக் கவ்விக்கொண்டு பறந்தது. பால்டிக் கரைப் பனிக்கு எதிராக முளைத்த உரோமம், பத்தமடையில் ஒரு குஞ்சுக்கு மெத்தையாகப் போகிறது. அது பறந்து மறையும்வரை நாயும் பேரனும் நானும் திண்ணையிலேயே அமர்ந்திருந்தோம்.