கூரையில்லாத கோட்டையில் பிறந்த பாட்டு

ஜப்பானின் கியூஷு தீவில் ஓயிதா மாகாணத்துத் தகெதா சின்னஞ்சிறு ஊர். ரயில் வந்து நின்றதும் நிலையத்தில் ஒரு மெட்டு ஒலிக்கிறது. 'கோஜோ நோ ட்சுகி', அதாவது பாழ்கோட்டையின் மேல் நிலா. அந்த மெட்டுக்கு விதை விழுந்த இடம், கடல் மட்டத்திலிருந்து 325 மீட்டர் உயரத்தில் நிற்கும் ஓக்கா கோட்டை.

ஏறும் பாதையின் ஓரச் சுவரில், தலை அரைவட்டமாகச் செதுக்கிய கற்கள் வரிசை பிடித்துக் கூடவே வருகின்றன. ஆசோ எரிமலை கக்கிய சாம்பல் இறுகிக் கல்லான பாறை இது. தொட்டால் சொரசொரக்கிறது. மேலே, 1594ல் இங்கே வந்த நககாவா வம்சத்தார் எழுப்பிய மதில்கள் பள்ளத்தாக்கின் விளிம்பிலிருந்தே செங்குத்தாகக் கிளம்புகின்றன. பல இடங்களில் தடுப்புக் கம்பி கிடையாது. காலுக்குக் கீழே மரங்களின் உச்சி தெரிகிறது. அடிவயிறு கலங்குகிறது.

1586ல் ஷிமாசு குலத்துப் படை வந்து மோதியும் பிடிக்க முடியாத குன்று இது. கடைசியில் ஓர் அரசாணைக்குப் பணிந்தது. மெய்ஜி அரசு பழைய கோட்டைகளைக் கைவிட, 1874ல் கட்டடங்கள் அத்தனையும் இடிக்கப்பட்டன. கல் மட்டும் மிஞ்சியது.

அதற்கு ஐந்தாண்டு கழித்து டோக்கியோவில் பிறந்தவர், அந்த மெட்டை அமைத்த தாகி ரெந்தாரோ. அதிகாரியான அப்பாவின் வேலை காரணமாகச் சிறுவயதில் தகெதாவுக்கு வந்தார். அவர் கண்டது கோட்டையை அல்ல. புல் முளைத்த மதிலையும் மேலே வெறும் வானத்தையும்தான். கோபுரம் நின்றிருந்தால் இந்தப் பாட்டு பிறந்திருக்காது என்றே நம்புகிறேன்.

கவிஞர் டோயி பன்சுய் பாட்டின் வரிகளை எழுதியபோது அவர் மனத்தில் இருந்தவை வடக்கே அய்சுவிலும் செந்தாயிலும் இருந்த கோட்டைகள். தாகி மெட்டமைத்தது ஓக்காவை நினைத்து. 1901ல் பள்ளிப் பாடல் தொகுப்பில், பக்கவாத்தியம் எதுவுமின்றி வெறும் மெட்டாக அது வெளிவந்தது. அதே ஆண்டு லைப்சிக்குக்குப் படிக்கப் போனவர் காசநோயோடு திரும்பினார். 1903ல் இறந்தபோது வயது 23.

அவர் மெட்டில் ஓரிடம் உண்டு. நம் கர்நாடக இசைக் கணக்கில் சொன்னால், சுத்த மத்தியமத்தை எதிர்பார்க்கும் காதில் பிரதி மத்தியமம் வந்து விழும். பின்னாளில் இசையமைப்பாளர் யமதா கோசாகு அதைச் சுத்த மத்தியமமாக்கிவிட்டார். பலரும் பாடுவது அப்படித்தான். எனக்கு மனம் ஒப்பவில்லை. மதிலோரம் அமர்ந்திருக்கும் தாகியின் வெண்கலச் சிலையருகே நின்று மெல்ல முணுமுணுத்தேன், அவர் எழுதியபடியே, அந்தப் பிரதி மத்தியமத்தோடு.