மூளைச்சாவு: ஒரு சொல்லின் வரலாறும் செவிலியர் கல்வியும்

உறுப்புக்கொடையின் வரலாற்றை அறுவை மருத்துவச் சாதனைகளின் வரிசையாக எழுதுவதே வழக்கம். அதனை ஒரு சொல்லின் வரலாறாகவும் வாசிக்க இயலும். 1967 டிசம்பரில் கேப் டவுனில் கிறிஸ்டியான் பர்னார்ட் முதல் மனித இதய மாற்று அறுவையைச் செய்தார். மறு ஆண்டே ஹார்வர்டு பல்கலைக்கழகக் குழு, மீளா ஆழ்மயக்கத்தை மரணத்தின் அளவுகோலாக முன்வைத்தது. இந்தியாவில் 1994ஆம் ஆண்டுச் சட்டம் மூளைத்தண்டு மரணத்தை ஏற்றது. நான்கு மருத்துவர் கொண்ட குழு அதற்குச் சான்றளிக்க வேண்டும். சோதனைகள் 6 மணி நேர இடைவெளியில் இருமுறை நிகழ வேண்டும். சான்றளிப்போர் உறுப்பு மாற்றும் அணியில் இடம்பெறலாகாது.

சட்டத்தின் வரையறை ஆங்கிலத்தில் அமைந்தது. முடிவெடுக்கும் குடும்பமோ தாய்மொழியில் கேட்கிறது. ‘மூளைச்சாவு’ என்பதை ‘மூளையினது சாவு’ என விரிப்பவர், மூளை மட்டுமே இறந்தது, ஆள் இருக்கிறார் எனக் கொள்ள இடமுண்டு. கன்னட நாளேடுகளில் வழங்கும் ‘மெதுளு நிஷ்கிரிய’ என்னும் தொடரில் சாவு என்ற சொல்லே இல்லை. மூளையின் செயலின்மையை மட்டுமே அது சுட்டும். செயலற்றது மீண்டும் செயற்படலாம் என்ற நம்பிக்கை அங்கே பிறக்கிறது. கருவியால் மார்பு ஏறியிறங்குவதும் உடலின் வெம்மையும் அந்நம்பிக்கைக்குச் சான்றாகத் தோன்றுகின்றன.

2008 செப்டம்பரில் விபத்தில் மூளைச்சாவடைந்த ஹிதேந்திரனின் உறுப்புகளை, திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த அவன் பெற்றோர் வழங்கினர். அவனது இதயம் சென்னையின் நெரிசலைக் கடந்து 11 நிமிடங்களில் முகப்பேரை அடைந்து, பெங்களூருச் சிறுமி ஒருத்திக்குப் பொருத்தப்பட்டது. அவ்வீகத்தைத் தமிழகம் போற்றியது. ஆயினும் ஒரு செய்தி போதிய கவனம் பெறவில்லை. பெற்றோர் இருவரும் மருத்துவர்கள். அவர்களுக்கு அச்சொல்லை எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பிற குடும்பங்களுக்கு அதனை விளக்குவோர் யாவர்? தமிழும் கன்னடமும் கலந்து ஒலிக்கும் பெங்களூரு விவேக் நகர் போன்ற பகுதிகளில் இவ்வினா கூர்மை பெறுகிறது. மருத்துவர் அறிவித்து அகன்றபின் உறவினர் வினவுவது செவிலியரிடமே. 2011ஆம் ஆண்டுத் திருத்தம் உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளரைக் கட்டாயமாக்கியது. 2014ஆம் ஆண்டு விதிகள் செவிலியரும் அப்பணி ஏற்க வழிவகுத்தன. எனினும் செவிலியர் கல்வி ஆங்கிலத்தில் நிகழ்கிறது. தேர்வில் மூளைத்தண்டு மரணத்தைப் பிழையின்றி எழுதும் மாணவி, அதனைத் தன் தாய்க்குத் தமிழில் உரைக்கத் தடுமாறக்கூடும்.

ஆகவே பயிற்சி வீட்டிலிருந்தே தொடங்குதல் தகும். மாணவி உறுதிமொழி அட்டையில் ஒப்பமிட்டிருந்தாலும், நடைமுறையில் உறவினரின் இசைவின்றி உறுப்புகள் எடுக்கப்படுவதில்லை. அவள் விருப்பத்தைக் குடும்பம் அறிந்திருத்தல் இன்றியமையாதது. சமயம் ஏற்குமா என்ற ஐயமும் அங்கு எழும். விவேக் நகரின் குழந்தை இயேசு ஆலயத்திற்கு வருவோர் அதனைக் கேட்பின், திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 2000 ஆகஸ்டில் உரோமையில் ஆற்றிய உரையில் உறுப்புக்கொடையை அன்பின் செயலாக ஏற்றதைச் சுட்டலாம்.

இணங்கச் செய்வது செவிலியரின் கடமையன்று. மறுக்கும் உரிமையும் குடும்பத்திற்கு உண்டு. “இவர் இறந்துவிட்டார், மார்பை அசைப்பது கருவி” என்று ஐயமற உரைப்பதே அவர் கடமை. இசைவோ மறுப்போ, அவ்வுண்மை விளங்கிய பின்னரே பொருளுடையதாகும்.