ஸ்லோ சைக்கிள் ரேஸும் மலை சைக்கிளும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பையன் முட்டியைப் பேர்த்துக்கொண்டு வந்து நின்றான். வீட்டுக்குப் பின்னால் இருக்கிற குன்றில் சைக்கிள் ஓட்டப் போனவன். வேகமாக இறங்கும்போது விழவில்லையாம். ஒரு கல்லுக்கு முன்னால் ஏறக்குறைய நின்றுவிட்ட நேரத்தில்தான் சாய்ந்திருக்கிறான். "இந்த சைக்கிள் சரியில்லப்பா, நல்ல சஸ்பென்ஷனோட ஒண்ணு வாங்கணும்" என்றான். அவன் சொன்ன விலைக்கு நானே லோன் அப்ளிகேஷன் போட வேண்டும் :-) காசை எடுக்கும் முன் கொஞ்சம் சரித்திரத்தைப் புரட்டுவோமே என்று உட்கார்ந்தேன்.

மலை சைக்கிள் பிறந்ததே வேகத்தில்தான். கலிஃபோர்னியாவில் தமால்பைஸ் மலைப் பகுதி. 1976 அக்டோபரில் சார்லி கெல்லி, கேரி ஃபிஷர், ஜோ பிரீஸ் கூட்டம் பழைய பலூன் டயர் சைக்கிள்களில் ஒரு மண் பாதையில் இறங்கிப் பந்தயம் வைத்தார்கள். பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கிற பிரேக். கீழே வருவதற்குள் ஹப்பில் இருக்கிற கிரீஸ் புகையாகப் போய்விடும். ஒவ்வொரு முறையும் புதுசாக கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால் அந்தப் பாதைக்கே 'ரீபேக்' என்று பெயர். 1977-ல் பிரீஸ் இதற்கென்றே சைக்கிள் கட்டினார். 1979-ல் ஃபிஷரும் கெல்லியும் கம்பெனி ஆரம்பித்தார்கள்.

கிட்டத்தட்ட அதே காலத்தில் ஸ்பெயினின் கட்டலோனியாவில் நேர் எதிரான ஒன்று வளர்ந்துகொண்டிருந்தது. மோன்டெசா மோட்டார் சைக்கிள் கம்பெனியில் வேலை பார்த்த பந்தய வீரர் பெரே பி. மோட்டார் சைக்கிள் ட்ரையல்ஸ் என்றால் பாறை, ஓடை எல்லாவற்றையும் கால் ஊன்றாமல் தாண்டுவது. அதை சைக்கிளில் செய்ய ஆசைப்பட்ட மகன் ஓட் பிக்காக அப்பாவே சைக்கிளை மாற்றிக் கொடுத்தார். மகன் பின்னாளில் உலக சாம்பியன். அப்பா 1980-களில் 'மோன்டி' என்ற சைக்கிள் பிராண்டையே தொடங்கினார். அந்தக் காலத்து விதி எளிமையானது: கால் ஒரு முறை தரையில் பட்டால் ஒரு புள்ளி அபராதம். ஒரு பகுதியில் அதிகபட்சம் ஐந்து.

படிக்கும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம்ம ஊர் பொங்கல் விளையாட்டு ஸ்லோ சைக்கிள் ரேஸ் ஞாபகம் இருக்கிறதா? கடைசியில் வருபவனுக்குப் பரிசு, கால் ஊன்றினால் அவுட். கட்டலோனியாக்காரர்களுக்கும் நமக்கும் சம்பந்தம் கிடையாது, ஆனால் அடிப்படைப் பாடம் ஒன்றுதான். ஓடுகிற சைக்கிள் பெருமளவுக்குத் தன்னைத்தானே நிமிர்த்திக்கொள்ளும். நிற்கப் போகிற சைக்கிளை நாம்தான் நிமிர்த்த வேண்டும்.

இந்த இரண்டு பள்ளிக்கூடங்களையும் சேர்த்து வைத்தவர்களில் முக்கியமானவர் ஹான்ஸ் ரே. ஜெர்மனியில் பிறந்த ட்ரையல்ஸ்காரர், 1987-ல் கலிஃபோர்னியா போனார். ட்ரையல்ஸ் வித்தைகளை மலை சைக்கிளில் செய்து காட்டி ஊர் ஊராகச் சுற்றினார். பாறையைப் பார்த்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போனவர்களுக்கு ஏறியும் போகலாம் என்று தெரிந்தது அப்படித்தான்.

என்னென்ன அந்தப் பாடங்கள்? முதலில் அசையாமல் நிற்பது. பெடல் இரண்டும் சமமாக, முன் சக்கரம் கொஞ்சம் திரும்பி, பிரேக்கில் ஒரு விரல். இரண்டு விநாடி நிற்க முடிந்தால் அடுத்த கல்லை யோசித்துத் தாண்டலாம். இரண்டாவது, உடல் எடையைப் பின்னுக்குக் கொண்டுபோய் முன் சக்கரத்தைத் தூக்குவது. மூன்றாவது, பின் சக்கரத்தைத் தூக்கி நகர்த்துவது. கொண்டை ஊசி வளைவில் சைக்கிளைத் திருப்ப இதுதான் வழி.

இந்த வித்தை தெரிந்தவன் எதுவரை போவான் என்பதற்கு ஸ்காட்லாந்தின் டேனி மெக்அஸ்கில். 2009 ஏப்ரலில் வந்த எடின்பரோ தெரு வீடியோவால் பிரபலமானவர், 2014-ல் மலை சைக்கிளோடு ஸ்கை தீவின் குலின் மலை முகட்டிலேயே ஓட்டினார்.

பெரியவர்களும் தப்புவதில்லை. டோக்கியோ ஒலிம்பிக், 2021 ஜூலை 26. நெதர்லாந்தின் மாத்யூ வான் டெர் பூல் ஒரு பாறைச் சரிவில் தலைகுப்புற விழுந்தார். பயிற்சியின்போது அங்கே போட்டிருந்த பலகை பந்தயத்தன்று இல்லை. இருக்கும் என்று நினைத்து முன் சக்கரத்தைத் தூக்காமல் மெதுவாக வந்துவிட்டார். அன்று தங்கம் பிரிட்டனின் டாம் பிட்காக்குக்கு. விழுந்தவர் திறமையில் குறைந்தவர் இல்லை. பலகை இல்லாத இடத்தில் முன் சக்கரம் தூக்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு.

சரி, நம்ம வீட்டுக் கதைக்கு வருவோம். புது சைக்கிள் வாங்கவில்லை. அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் சாக்பீஸ் கோடு போட்டு, தினமும் சாயங்காலம் அப்பாவுக்கும் மகனுக்கும் ஸ்லோ ரேஸ். செங்கல் ஒன்று, அப்புறம் இரண்டு. ஹெல்மெட் கட்டாயம். மூன்று வாரத்தில் குன்றின் அந்தக் கல்லை அவன் கால் ஊன்றாமல் தாண்டிவிட்டான். ஸ்லோ ரேஸில் மட்டும் இன்னும் நான்தான் ஜெயிக்கிறேன். வாடகை சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டுக் கற்ற உடம்பு இல்லையா!

உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் கியர் சைக்கிள் வாங்கிக் கொடுத்திருப்பீர்கள். முதலில் மெதுவாக ஓட்டச் சொல்லிக் கொடுங்கள்.