அனுபவதாரரும் வாக்கும்: அமெரிக்க மண்வளப் பாதுகாப்பு வட்டாரக் குழுக்களின் தோற்றம் பற்றி

கிராண்ட் மெக்கானலின் 'பிரைவேட் பவர் அண்ட் அமெரிக்கன் டெமாக்ரசி' (1966) வந்த பிறகு, அமெரிக்க மண்வளப் பாதுகாப்பு வட்டாரங்களை அவர் வாதத்தின் வழியே படிப்பது வழக்கமாகிவிட்டது. அதிகாரத்தைச் சிறு எல்லைக்குள் இறக்கிவிட்டால் அது மக்களிடம் போய்ச் சேராது, அங்கே ஏற்கெனவே செல்வாக்கோடு இருப்பவர்களிடம்தான் போய்ச் சேரும். எல்லை சுருங்கச் சுருங்க எதிர்க்குரலுக்கான இடமும் சுருங்கும் என்பது அந்த வாதம். டென்னசி பள்ளத்தாக்கு ஆணையத்தைப் பற்றி பிலிப் செல்ஸ்னிக் 1949இலேயே இதற்கு நெருக்கமான ஒன்றைச் சொல்லியிருந்தார். வட்டாரக் குழுவின் நாற்காலிகளில் வசதியான பண்ணைக்காரர்கள் அமர்ந்திருப்பதைக் காண்பவருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

எனக்கு இதில் உடன்பாடில்லை. விளைவை மெக்கானல் சரியாகவே கண்டார். ஆனால் காரணத்தை எல்லையின் சிறுமையில் தேடினார். அதை வாக்காளரை வரையறுத்த விதியில் தேடியிருக்க வேண்டும் என்பது என் வாதம்.

மாநிலங்கள் இவ்வட்டாரங்களை அமைப்பதற்காக 1936இல் வேளாண் துறை வெளியிட்ட மாதிரிச் சட்டத்தின் வரைவு முதன்மையாக அத்துறையின் வழக்கறிஞர் பிலிப் கிளிக்கின் கைவண்ணம். அதை இணைத்து எல்லா ஆளுநர்களுக்கும் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் கடிதம் எழுதினார். அதன் தேதி 1937 பிப்ரவரி 26 என்று அவருடைய ஆவணத் தொகுப்பிலும், 27 என்று மண்வளத் துறையின் வரலாற்று வெளியீடுகளிலும் இருக்கிறது. எழுதிய நாளும் அனுப்பிய நாளும் வேறாக இருந்திருக்கலாம். அதை இங்கே தீர்க்கப் போவதில்லை. மார்ச் 3 அன்று ஆர்கன்சா சட்டம் இயற்றியது. ஆண்டு முடிவதற்குள் 22 மாநிலங்கள் இயற்றின. முதல் வட்டாரமாக ஏற்கப்படுவது வட கரோலினாவின் பிரவுன் கிரீக், 1937 ஆகஸ்ட் 4. மண்வளத் துறைத் தலைவர் ஹியூ பென்னட் பிறந்த ஆன்சன் கவுண்டி அந்த வட்டாரத்துக்குள் வருவது தற்செயல் என்று நம்புவது கடினம்.

மாதிரிச் சட்டப்படி 25 பேர் மனுக் கொடுத்தால் மாநிலக் குழு விசாரிக்கும், பிறகு வாக்கெடுப்பு நடக்கும். வட்டாரம் அமைந்தால் ஐந்து மேற்பார்வையாளர்கள்: மூவர் தேர்ந்தெடுக்கப்படுபவர்கள், இருவர் மாநிலக் குழுவால் அமர்த்தப்படுபவர்கள். மனுக் கொடுக்கும் அந்த 25 பேரும், வாக்களிப்பவர்களும் யார்? சட்டத்தின் வரையறைப் பிரிவு இவர்களை 'நிலத்தின் அனுபவதாரர்' என்கிறது. உரிமைப்பத்திரம் உடையவர் அல்லது நிலத்தைத் தம் வசம் வைத்திருப்பவர், அவர் உடைமையாளரோ, குத்தகைதாரரோ, வாடகைக்கு எடுத்தவரோ, 'வேறு வகையினரோ' ஆகலாம் என்பது அதன் சாரம். பட்டா ஒருவர் பெயரிலும் அனுபவம் இன்னொருவர் கையிலும் இருக்கும் தகராறுகளைப் பார்த்துப் பழகிய நமக்கு, இந்த 'அல்லது' எவ்வளவு கனமானது என்பதை விளக்க வேண்டியதில்லை. 1935 கணக்கெடுப்பின்படி அமெரிக்க உழவரில் ஏறத்தாழ 42 விழுக்காட்டினர் குத்தகைக்காரர்கள். அவர்களில் பெரும்பாலோரை ஒரே பிரிவு வாக்காளராக்க முனைந்தது.

இதைப் பெருந்தன்மை என்று நான் கொள்ளவில்லை. 1936 ஜனவரியில் பட்லர் வழக்கில் உச்ச நீதிமன்றம் வேளாண் சீரமைப்புச் சட்டத்தை முறித்துவிட்ட நிலையில், நிலத்தை எப்படி உழலாம், எப்படி உழக்கூடாது என்று கட்டளையிட ஒன்றிய அரசுக்கு வழி குறுகிவிட்டது. மாநிலங்களின் ஒழுங்காற்று அதிகாரத்தைப் பயன்படுத்துவதே மிச்சமிருந்த பாதை. ஆகவே மாதிரிச் சட்டம் வட்டாரங்களுக்கு நிலப் பயன்பாட்டு விதிகள் இயற்றும் அதிகாரத்தைக் கொடுத்தது. அவை வாக்கெடுப்பில் தேறினால் எல்லாரையும் கட்டுப்படுத்தும். விதி பாயப் போவது கலப்பை பிடிப்பவர் மீது. அவர் சம்மதம் இல்லாமல் அதை நடைமுறைப்படுத்த முடியாது. சுமை எங்கே விழுகிறதோ அங்கே வாக்கும் போகட்டும் என்ற கணக்குதான் அனுபவதாரர் பிரிவின் அடித்தளம் என்று கருதுகிறேன்.

அந்தக் கணக்கு மாநிலங்களில் கலைந்தது. பல சட்டமன்றங்கள் விதி இயற்றும் அதிகாரத்தை நீக்கின, அல்லது சாதாரணப் பெரும்பான்மைக்குப் பதில் மூன்றில் இரண்டு பங்கும் அதற்கு மேலும் கேட்டு அதை முடக்கின. கொலராடோவின் தென்கிழக்கில் சில வட்டாரங்கள் புல்வெளியை உழுவதற்குத் தடை போட்டதும், போர்க்காலத்தில் கோதுமை விலை ஏறியபோது அந்தத் தடை நிலைக்காமல் போனதும் விதிவிலக்கான கதைகள். விதி போனபின் வட்டாரக் குழு செய்வதற்கு மிஞ்சியது பண்ணைத் திட்டம் வகுக்கும் வல்லுநரின் நேரத்தையும் இயந்திரங்களையும் பங்கிடுவது. கட்டுப்படுத்தப்படுபவர் என்று யாரும் இல்லாதபோது குத்தகைக்காரரின் சம்மதத்தை யார் கேட்பார்கள்? டெக்சஸில் 1937 மசோதா ஆளுநர் ஆல்ரெடின் தடையாணையால் விழுந்தது; 1939இல் நிறைவேறிய சட்டம் வாக்கை நில உடைமையாளரிடம் வைத்தது. அங்கே வட்டாரங்கள் சிறியவை என்பதால் மட்டும் குழு பண்ணைக்காரர்களிடம் போகவில்லை. வாக்காளர் பட்டியலே அவர்களுடையது.

இங்கே ஒரு தடை எழுப்பலாம். அனுபவதாரர் பிரிவை அப்படியே ஏற்ற தென் மாநிலங்களிலும் குத்தகைக்காரர் குழுக்களை நிரப்பிவிடவில்லையே? உண்மை. ஆனால் தெற்கில் உழைத்தவர்களில் பெருந்தொகையினர் வாரச் சாகுபடியாளர்கள். ஜார்ஜியா போன்ற மாநிலங்களின் சட்டம் அவர்களைக் குத்தகைதாரராகக் கொள்ளவில்லை. விளைச்சலில் கூலி பெறும் ஆளாகவே கொண்டது. கூலியாள் நிலத்தைத் 'தம் வசம்' வைத்திருப்பவர் ஆகமாட்டார். 'வேறு வகையினர்' என்ற சொற்கள் அவரை உள்ளே இழுத்தனவா என்பதைச் சட்டப் பிரிவு மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. வாக்குச்சாவடியில் இருந்தவர் எப்படிப் படித்தாரோ அப்படியே அது நடந்திருக்கும். கறுப்பின உழவரைப் பொதுத் தேர்தல்களிலிருந்து விலக்கி வைத்திருந்த ஊர்களில் அந்த ஐயத்துக்குரிய சொற்கள் அவர்களுக்குச் சாதகமாகப் படிக்கப்பட்டிருக்கும் என்று எதிர்பார்க்க எனக்குத் துணிவில்லை. ஆயினும் இது என் வாதத்தைக் குலைப்பதல்ல. இங்கும் கதவை அடைத்தது எல்லையின் அளவன்று, வாக்காளர் யார் என்ற தீர்ப்பு.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அதே பிரிவு தனிமனிதரோடு நிறுவனங்களையும் கம்பெனிகளையும் அனுபவதாரராக எண்ணியது. உடைமையை மட்டுமே அளவுகோலாக்கினால் அது எங்கே போய் முடியும் என்பதை 1973இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த சேலியர் வழக்கு காட்டும். அது மண்வள வட்டாரம் அல்ல, கலிபோர்னியாவின் துலாரே ஏரிப்படுகையிலுள்ள நீர்த்தேக்க வட்டாரம். பரப்பு 1,93,000 ஏக்கர், குடியிருந்தவர்கள் குழந்தைகள் உட்பட 77 பேர், நிலத்தின் 85 விழுக்காட்டில் பயிர் செய்தவை நான்கு கம்பெனிகள். நில மதிப்பில் 100 டாலருக்கு ஒரு வாக்கு. குத்தகைதாரருக்கு வாக்கே இல்லை. வேண்டுமானால் குத்தகை ஒப்பந்தத்தில் பேசி வாங்கிக்கொள்ளட்டும் என்ற போக்கில் நீதிமன்றம் அந்த ஏற்பாட்டை ஏற்றது. கிளிக்கின் பிரிவு 1936இல் மூட முயன்ற இடைவெளி இதுதான்.

என் வாதத்துக்கு உண்மையான சோதனை நெப்ராஸ்கா. 1969இல் சட்டம் இயற்றி, 1972 ஜூலையில் அம்மாநிலம் மண், நீர் சார்ந்த 154 சிறு வட்டாரங்களை 24 இயற்கை வள வட்டாரங்களாக இணைத்தது. குழுக்களைப் பொது வாக்காளர் அனைவரும் தேர்ந்தெடுக்கிறார்கள். வரி விதிக்கும் அதிகாரமும் உண்டு. 1970களின் இறுதியில் அப்பர் ரிப்பப்ளிகன் வட்டாரம் கிணற்றுப் பாசனத்துக்கு நீர் அளவு நிர்ணயித்தது. விதிக்கப் பயந்த பழைய குழுக்களிடம் இதைக் கண்டிருக்க முடியாது. வாக்கு விரிந்ததால் துணிவு வந்தது என்று சொல்லிவிட ஆசையாக இருக்கிறது. ஆனால் அதே சட்டம் வட்டாரங்களையும் பெரிதாக்கியது. எல்லை விரிந்ததால்தான் என்று மெக்கானலின் பக்கத்தில் நிற்பவர் சொன்னால், நெப்ராஸ்காவை மட்டும் வைத்து அவரை மறுக்க முடியாது. எல்லையை மாற்றாமல் வாக்கை மட்டும் மாற்றிய மாநிலத்தின் குழுப் பட்டியல்களை, மாற்றத்துக்கு முன்னும் பின்னும், வட்டாரம் வட்டாரமாக ஒப்பிட வேண்டும். அந்த வேலை இந்தக் கட்டுரைக்குள் அடங்காது.