வறட்சிக் கணக்கில் வராத ஏரி

2017 ஜனவரி 10 அன்று தமிழக அரசு அப்போதிருந்த 32 மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அறிவித்தது. திருவள்ளூரும் அதில் அடக்கம். நிவாரணமோ பயிரின் வழியாகவே வந்தது. நெல்லுக்கு ஏக்கருக்கு 5,465 ரூபாய். அதே மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் பழவேற்காடு ஏரியை நம்பிய குப்பங்களில் அளக்க ஏக்கர் ஏது? பேரிடர் நிவாரண விதிகள் சேதமான படகுக்கும் வலைக்கும் இடம் தருகின்றன. படகும் வலையும் பத்திரமாக இருந்து இறால் மட்டும் இல்லாமற்போனால் எழுதத் தலைப்பே இல்லை. எனவே இங்கே துறைகளின் ஒருங்கிணைப்புக் கோளாறு என்று சொல்லப்படுவது முதலில் அளவுகோலின் கோளாறு என்பதே என் வாதம்.

வடகிழக்குப் பருவமழையில் ஆரணி, காளங்கி, சுவர்ணமுகி ஆறுகள் கொண்டுவரும் நன்னீர் ஏரியின் உப்பைக் குறைக்கிறது. ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தில் சேரும் மணலையும் தள்ளுகிறது. மழை பொய்த்தால் இரண்டும் நடப்பதில்லை. கோடையில் முகத்துவாரம் தூர்ந்துவிட்டால் கடலிலிருந்து இறால் குஞ்சு ஏறி வர வழியில்லை, உள்ளே நீர் வற்றி உப்பேறுகிறது. கழி நட்டுக் கட்டும் சுத்துவலைக்கு ஓட்டம் வேண்டும். ஓட்டம் நின்றால் ஒருவருக்கு முறைப்படி வந்த பாடு, அதாவது வலை கட்டும் இடம், அன்று வெறும் பெயர்தான். வயல் காய்வது கண்ணுக்குத் தெரியும், செயற்கைக்கோள் படத்திலும் பதியும். ஏரியின் வறட்சியோ தண்ணீர் கிடக்கும்போதே தொடங்கிவிடுகிறது.

இதைப் பார்க்க வேண்டியவர்கள் சிதறிக் கிடக்கிறார்கள். ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில். அங்கே வறட்சி மண்டலவாரியாக அறிவிக்கப்படுகிறது. ஆரணியாற்று நீர் ஆந்திராவின் பிச்சாட்டூர் அணையில் தேங்கிய பிறகே தமிழகம் வருகிறது. 1976இல் ஆந்திரமும் 1980இல் தமிழகமும் தத்தம் பகுதியைப் பறவைகள் சரணாலயமாக்கியதால் வனத்துறையின் சொல்லும் உண்டு. 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் மாவட்ட ஆணையத்தில் ஆட்சியருக்கு அடுத்து, தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சிப் பிரதிநிதியை இணைத்தலைவராக வைக்கிறது. ஆனால் தமிழகத்தில் உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்து, ஊரகத் தேர்தல் 2019 டிசம்பரில்தான் நடந்தது. கடும் வறட்சி ஆண்டுகளில் அந்த நாற்காலிக்கு உரியவரே இல்லை. அவர் இடத்தில் தனி அலுவலர்கள் இருந்தார்கள். அப்போதும் கலையாமல் இருந்தது மீனவச் சமூகமான பட்டினவரின் ஊர்ப் பஞ்சாயத்து. எந்தப் பாடு யாருக்கு, எந்த நாள் என்று தலைக்கட்டு வாரியாக முறைவைத்து, பற்றாக்குறையைப் பங்கிடும் கலையை அது நெடுங்காலமாக அறியும்.

அந்தப் பஞ்சாயத்தையே ஒருங்கிணைப்பின் நடுவில் வைக்கலாமா? பாடு முறை சாதியையும் ஆண் தலைக்கட்டையும் அடிப்படையாகக் கொண்டது. கையால் இறால் பிடிக்கும் இருளருக்கும் மீன் விற்கும் பெண்களுக்கும் அதில் இடமில்லை. இந்த ஆட்சேபம் சரியானது, தட்டிக்கழிக்கக் கூடாதது. ஆகவே நிவாரணம் பங்கிடும் அதிகாரத்தை அதனிடம் கொடுக்கக் கூடாது; நீரின் நிலையைச் சொல்லும் சாட்சியாக மட்டும் அதை ஏற்கலாம். முகத்துவாரத்தை நிரந்தரமாகத் திறந்துவைத்தால் போதும் என்போர் உண்டு. அதற்காகக் கட்டும் அலைத்தடுப்புச் சுவர் கடல்நீருக்கு வழிவிடும். ஆற்று நீரை அது கொண்டுவராது. முகத்துவாரம் எத்தனை நாள் அடைந்திருந்தது, உப்பு எவ்வளவு ஏறியது என்ற இரண்டு அளவுகளையும் மழையளவோடு சேர்த்து ஆட்சியரின் வறட்சி அறிக்கையில் பதிவது பெருஞ்செலவு பிடிக்கும் வேலையன்று. பதிந்துவிட்டால் மீன்வளத் துறைக்கு நிவாரணம் கோரவும், நீர்வளத் துறைக்குப் பிச்சாட்டூர் நீர்த்திறப்பு பற்றி ஆந்திராவிடம் பேசவும் கையில் ஒரே ஆவணம் இருக்கும்.