சோழவரத்து வண்டிகள்

சோழவரம் பந்தயத்துக்கென்று கட்டிய இடம் இல்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் விமானம் இறங்குவதற்காகப் போட்ட தளம். செங்குன்றம் தாண்டி, சென்னைக்கு வடக்கே நீண்டு கிடந்தது. போர் முடிந்தது, விமானங்கள் போயின, தளம் மட்டும் மிஞ்சியது. இங்கிலாந்தில் சில்வர்ஸ்டோனும் குட்வுட்டும் இப்படி மிஞ்சிய விமானத் தளங்கள்தான். இரண்டிலும் 1948-ல் கார்கள் ஓட ஆரம்பித்தன. இங்கே 1953-ல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பிறந்தது. அந்தப் பத்தாண்டிலேயே சோழவரத்தில் பந்தயம் சூடுபிடித்தது. அதன்பின் 1980-களின் கடைசி வரை, தென்னிந்தியாவில் வேகத்தின்மேல் ஆசை கொண்டவர்களுக்கு பிப்ரவரி மாதம் என்றால் சோழவரம்தான்.

இதை இப்போது எழுதக் காரணம் என் அக்கா மகன். இங்கே கடலூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் இன்ஜினியர். கையில் கொஞ்சம் பணம் சேர்த்திருக்கிறான். போனில் நாலைந்து வண்டிகளின் படத்தைக் காட்டி, “மாமா, இதுல எத எடுக்கலாம்? ஞாயித்துக்கிழம காலையில மட்டுந்தான் ஓட்டுவேன். ஆனா ஓட்டுனா ஓட்டுன மாதிரி இருக்கணும்” என்றான். பாலியோ 1.6, ஐகான் 1.6, லீனியா டி-ஜெட், போலோ ஜிடி, ஒரு ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். எல்லாமே செகண்ட் ஹேண்ட். ஒரே வார்த்தையில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தப் பதில் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால்தான் அவனுக்கு அதில் நம்பிக்கை வரும்.

என் சித்தப்பா சென்னைப் புதுப்பேட்டையில் இன்ஜின் வேலை பார்த்தவர். பள்ளிக்கூட வயதில் என்னைச் சோழவரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனது அவர்தான். வளைவுகளில் வைக்கோல் கட்டும் பழைய டயரும் அடுக்கியிருக்கும். மோட்டார் சைக்கிள் ரேஸ் முடிந்ததும் ஆமணக்கெண்ணெய் கருகிய வாசனை கொஞ்ச நேரம் நிற்கும்; அப்போது ரேஸ் இன்ஜின்களுக்கு அந்த எண்ணெயைத்தான் ஊற்றுவார்கள். ஆனால் என் கண் ஓடுகிற வண்டியைவிட, ஓரத்தில் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றவர்கள் மேலேயே இருக்கும். அவர்கள் கையில் இருந்தவை பெரும்பாலும் பத்து, பதினைந்து வருடம் ஊரில் ஓடித் தேய்ந்த வண்டிகள். அவற்றைப் பிரித்து, போர் அடித்து, ஹெட்டைச் சீவி, இரட்டை கார்புரேட்டர் மாட்டி, பின்சீட்டைக் கழற்றி எறிந்து ரேஸ் வண்டி ஆக்கியிருப்பார்கள்.

ஏன் பழைய வண்டி? புது வண்டி கிடைக்காத காலம் அது. 1950-களின் நடுவில் ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் இந்தியாவில் கடையைக் கட்டிக்கொண்டு போய்விட்டன. வெளிநாட்டுக் காரை இறக்குமதி செய்வது சாதாரணக் குடும்பத்துக்கு நினைத்தும் பார்க்க முடியாத காரியம். தூதரக அதிகாரிகள் ஊர் திரும்பும்போது விட்டுப்போகிற கார்களை ஸ்டேட் டிரேடிங் கார்ப்பரேஷன் விற்கும். வசதி உள்ளவர்கள் அதற்குக் காத்திருப்பார்கள். மற்றவர்களுக்கு அம்பாசிடர், ஃபியட், ஸ்டாண்டர்டு. வேறு ஸ்போர்ட்ஸ் கார் எங்கே இருந்தது? இருக்கிறதை வைத்து ஆளுக்கு ஆள் செய்துகொண்டார்கள்.

அந்த மூன்றில் நம்ம ஊர் வண்டி ஸ்டாண்டர்டு ஹெரால்டு. வண்டலூர், பெருங்களத்தூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் 1961 முதல் தயாரானது. உடம்பை வரைந்தவர் இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி. இன்ஜின் 948 சிசிதான். ஆனால் அதன் பானெட்டைத் திறந்து பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். இரண்டு பக்க மட்கார்டும் ஹெட்லைட்டும் சேர்ந்து, முன்பாகம் முழுக்க முதலை வாய் பிளந்தது போல முன்னோக்கிச் சாயும். முன் டயரின் மேல் உட்கார்ந்துகொண்டே கார்புரேட்டர் செட்டிங் பார்க்கலாம். சேஸிஸ் தனி, பாடி தனி. போல்ட்டைக் கழற்றினால் துண்டு துண்டாக வந்துவிடும். இதே அடிச்சட்டத்தின் குட்டையான வடிவத்தின் மேல்தான் இங்கிலாந்தில் 1962-ல் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. அங்கே வேகத்தை விரும்பும் இளைஞனுக்கு ஸ்பிட்ஃபயர், இங்கே குடும்பத்துக்கு ஹெரால்டு. அடியில் இரண்டும் ஒரே எலும்பு.

ஒரு குணம் மட்டும் அதில் பொல்லாதது. பின்பக்கம் ஸ்விங் ஆக்ஸில், குறுக்கே ஒரு பட்டை ஸ்பிரிங். வளைவில் வேகமாக நுழைந்து, பயந்துபோய் ஆக்ஸிலரேட்டரில் இருந்து சட்டென்று காலை எடுத்தால் பின்சக்கரம் உள்பக்கமாக மடங்கும், வால் சுற்றிக்கொண்டு போகும். சித்தப்பா இதை நின்ற இடத்திலேயே கையால் செய்து காட்டுவார். வளைவுக்குள் போன பிறகு பயப்படாதே, பயத்தை எல்லாம் வளைவுக்கு முன்னாலேயே பட்டு முடித்துவிடு என்பார். இன்றைக்கு என் அக்கா மகன் எந்த வண்டியை வாங்கினாலும் அவனுக்கு நான் சொல்லித்தரப் போகிற முதல் பாடம் அது.

சோழவரத்தில் நிஜமான ரேஸ் கார்களும் ஓடியது உண்டு. விஜய் மல்லையா என்ஸைன் ஃபார்முலா ஒன் கார் ஒன்றைக் கொண்டுவந்து ஓட்டினார். அதுவும் ஐரோப்பாவில் ஓடி முடித்த செகண்ட் ஹேண்ட் கார்தான் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு திருப்தி. கோடீஸ்வரருக்கும் புதுப்பேட்டை மெக்கானிக்குக்கும் வழி ஒன்றாகத்தான் இருந்தது. புது வண்டி என்று பார்த்தால், பெங்களூரில் செய்த சிபானி டால்ஃபின் 1982-ல் வந்தது. ஃபைபர் பாடி, 848 சிசி அலுமினிய இன்ஜின், எடை குறைவு. குடும்பங்கள் அதை நம்பி வாங்கவில்லை. ராலிக்காரர்கள் விரும்பி வாங்கினார்கள்.

1985-ல் பெருங்களத்தூர் தொழிற்சாலை ஸ்டாண்டர்டு 2000 காரை வெளியிட்டது. பார்வைக்கு இங்கிலாந்து ரோவர் எஸ்.டி.1. நீண்ட மூக்கு, பின்னால் சரிந்த கூரை. ரோட்டில் நின்றால் திரும்பிப் பார்க்காதவர் கிடையாது. உள்ளே வைத்ததோ 1940-களின் வான்கார்டு வழியில் வந்த பழைய இரண்டு லிட்டர் இன்ஜின். அந்த உடம்பை இழுக்க அதற்குத் தெம்பில்லை, பெட்ரோலும் குடித்தது. சில வருடத்தில் தொழிற்சாலையே நின்றுபோனது. ஆயிரக்கணக்கான கைகள் வேலை செய்த இடம் அது; எனக்கு இன்றும் வருத்தம்தான். படத்தைப் பார்த்துக் கார் வாங்குகிறவர்களிடம் நான் அந்த வண்டியைத்தான் எடுத்துச் சொல்வேன்.

இதற்கு நேர் எதிரான வேலையைச் செய்தவர் கோயம்புத்தூர் கரிவரதன். லட்சுமி மில்ஸ் குடும்பத்தில் பிறந்து சோழவரத்தில் ஓட்டியவர். 1980-களின் கடைசியில், ஊரெல்லாம் ஓடிய மாருதி 800-ன் இன்ஜினை வைத்து ஒற்றை ஆள் உட்காரும் ஃபார்முலா மாருதி காரை வடிவமைத்தார். 796 சிசி, மூன்று சிலிண்டர். எந்த மெக்கானிக் கடையிலும் பாகம் கிடைக்கும். உடைந்தால் மறுநாளே ஓடும். 1990 வாக்கில் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் ரேஸுக்கென்றே தளம் அமைந்து சோழவரத்தின் காலம் முடிந்தபோது, புதுத் தளத்தில் பிள்ளைகள் கற்றுக்கொண்டது இந்த வண்டியில்தான். அவர்களில் ஒருவர் நரேன் கார்த்திகேயன். 2005-ல் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர். அந்த வருடம் அமெரிக்கப் பந்தயத்தில் நான்காவதாக வந்தார். கரிவரதன் அதைப் பார்க்கவில்லை. 1995-ல் விமான விபத்தில் இறந்துபோனார். கோயம்புத்தூர் செட்டிப்பாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரில் இருக்கிறது.

சோழவரம் மூடிய பத்து வருடத்தில் நிலைமை தலைகீழானது. 1999-ல் ஐகான், 2000-ல் ஹோண்டா சிட்டி விடெக், அடுத்து பாலியோ 1.6, 2004-ல் ஆக்டேவியா ஆர்.எஸ். என்று ஷோரூமிலேயே வேக வண்டிகள் நின்றன. ஒன்றும் கழற்றி மாட்டாமலேயே ஹெரால்டைப் போல இரண்டு மடங்குக்கு மேல் சக்தி. அந்த வண்டிகள்தான் இன்று என் அக்கா மகனின் போனில் செகண்ட் ஹேண்டாக நிற்கின்றன.

இனி ஊர்க் கணக்கு. எங்கள் ஊர் குடிகாட்டில் வண்டி வைத்திருப்பது சென்னையில் வைத்திருப்பது போல அல்ல. கிழக்கே உப்பனாறு, அதைத் தாண்டிக் கடல். உப்புக் காற்றோடு சிப்காட் காற்றும் சேர்ந்து இரும்பைத் தின்கிறது. எங்கள் வீட்டு ஜன்னல் கம்பியே சாட்சி. வாரத்தில் ஆறு நாள் நிற்கப்போகிற வண்டிக்கு இன்ஜினைவிட அடித்தகரம் முக்கியம். ஜாக்கி கொடுக்கும் இடம், டிக்கியில் ஸ்டெப்னி கிடக்கும் குழி, முன் சஸ்பென்ஷன் டவர். இந்த மூன்று இடத்திலும் ஸ்க்ரூ டிரைவர் முனையால் தட்டிப் பார்க்க வேண்டும். ‘டிங்’ என்றால் தகரம், ‘பொத்’ என்றால் பட்டி.

அடுத்தது வெள்ளம். 2015 மழையில் சென்னையிலும் கடலூரிலும் மூழ்கிய கார்களுக்குக் கணக்கில்லை. இன்சூரன்ஸ் கம்பெனிகள் ஏலம் விட்டதில் பென்ஸும் ஆடியும் இருந்தன. அவை எங்கேயோ துடைக்கப்பட்டு, எங்கேயோ விற்கப்பட்டு, இன்றும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. அந்த வயது வண்டி என்றால் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார். அடிப்பாகத்தில் பழுப்புக் கோடு இருந்தால் தண்ணீர் அதுவரை ஏறியிருக்கிறது. சீட் ரெயிலுக்கு அடியில் விரலை விட்டால் வண்டல் வரும். மீட்டரைத் திருப்பலாம், பாலிஷ் போடலாம், அந்த வண்டலை முழுசாக எடுக்க முடியாது.

மூன்றாவது புதுச்சேரி. கடலூரில் இருந்து அரை மணி நேரம். அங்கே வாகன வரி குறைவு என்பதால் பல காலமாக விலை உயர்ந்த கார்கள் பி.ஒய். நம்பரில் பதிவாகி வெளி மாநிலங்களில் ஓடின. பொய் முகவரி கொடுத்துப் பதிவு செய்ததாக 2017-ல் கேரளத்தில் நடிகர்கள் மேல் வழக்கே வந்தது. அதே கார்கள் இப்போது சல்லிசாகச் சந்தையில் நிற்கின்றன. விலையைப் பார்த்து மயங்கக் கூடாது. படிவம் 28-ல் என்.ஓ.சி. வாங்கி, 29-ம் 30-ம் கொடுத்து, தமிழ்நாட்டு வரி கட்டி, டி.என். 31-க்கு மாற்றினால்தான் அது நம் வண்டி. அந்த வரியையும் சேர்த்துக் கூட்டினால் சல்லிசு பாதி கரைந்துவிடும்.

அவனுடைய பட்டியலுக்கு வருகிறேன். ஆக்டேவியா ஆர்.எஸ். இருக்கிறதிலேயே வேகமானது, 1.8 லிட்டர் டர்போ, 150 குதிரைத் திறன். இருபது வயதுக் காருக்கு டர்போவும் சென்சாரும் தேடிச் சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் அலைய வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அலைச்சலிலேயே போய்விடும். போலோ ஜிடியின் 1.2 டி.எஸ்.ஐ. இன்ஜின் இனிப்பானது. அதன் ஏழு கியர் இரட்டை கிளட்ச் பெட்டி போனால் செலவு பழைய வண்டி விலையில் பெரும்பங்கு. திறந்து பார்க்கத் தெரிந்த கை நம் பக்கத்தில் இல்லை. லீனியாவும் பாலியோவும் ஓட்டச் சுகமானவை, ஸ்டியரிங்கில் கனம் தெரியும். ஃபியட் இந்தியாவில் தயாரிப்பை நிறுத்திவிட்டது, பாகம் வருடத்துக்கு வருடம் அருகிவருகிறது.

என் ஓட்டு ஐகான் 1.6-க்கு. ஃபோர்டும் 2021-ல் இந்தியத் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்துவிட்டது, தெரியும். ஆனால் ஐகான் மறைமலைநகரில் பிறந்து இந்த மாவட்டங்களில் டாக்ஸியாகக்கூட ஓடித் தேய்ந்த வண்டி. புதுப்பேட்டையில் அதன் கதவிலிருந்து கியர்பாக்ஸ் வரை கிடைக்கும். ரோகாம் இன்ஜினுக்குச் செயின், பெல்ட் அறுமோ என்ற கவலை இல்லை. அதன் பலவீனங்கள் ஊருக்கே தெரியும்: பிளாஸ்டிக் தெர்மோஸ்டாட் ஹவுசிங் விரிசல் விடும், பெட்ரோல் பம்ப் போகும். இரண்டையும் கடலூர் ஓ.டி.யில் உள்ள சின்ன ஒர்க்ஷாப்பே அரை நாளில் மாற்றிவிடும். கரிவரதன் மாருதி இன்ஜினைத் தேர்ந்தெடுத்த அதே காரணம்தான். 90 குதிரைத் திறனுக்குக் கொஞ்சம் மேல், ஒரு டன் எடை. காலையில் ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் தாண்டிச் சிதம்பரம் வரை போய்வர அவனுக்கு அதற்கு மேல் வேண்டியதில்லை.

பதினைந்து வருடம் தாண்டிய வண்டி என்பதால் எஃப்.சி. காட்டி ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். 2022-ல் அந்தக் கட்டணத்தையே ஐயாயிரமாக உயர்த்தினார்கள், பசுமை வரி தனி. இப்போது பங்க்கில் ஊற்றுவது இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அந்தக் காலத்து ரப்பர் ஹோஸுக்கு அது ஆகாது, நின்றால் ஈரத்தையும் இழுக்கும். அதனால் வாங்கிய அன்றே டேங்கில் இருந்து இன்ஜெக்டர் வரை ஹோஸை மாற்றிவிட்டு, டேங்கைப் பாதிக்குக் கீழே விடாமல் வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். பேட்டரிக்கு நெகட்டிவ் முனையைக் கழற்றி வைப்பது போதும்.

செங்கல்பட்டில் ஒரு 2002 மாடல் இருக்கிறதாம், சிங்கிள் ஓனர். அடுத்த ஞாயிறு பார்க்கப் போகிறோம். லிஃப்டில் ஏற்றி அடிப்பாகத்தைப் பார்க்காமல் ஒரு ரூபாய் அட்வான்ஸ் கொடுக்காதே என்றேன். “ஸ்க்ரூ டிரைவர் எடுத்து வச்சிட்டேன் மாமா” என்றான்.