சூயிங் கம் மென்றால் பல் போகுமா? ஒரு வரி பதிலுக்குப் பின்னால் உள்ள வரலாறு

1/
காய்ச்சல்னு பையனை ஓபிக்குக் கூட்டிட்டு வந்த ஒரு அம்மா, மருந்துச் சீட்டை வாங்கினதும் கேட்டாங்க: "சார், இவன் எந்நேரமும் பபுள்கம் மெல்றான். பல்லு கெட்டுடும்னு நீங்களே சொல்லுங்க." பையன் வாயை இறுக்கி மூடிக்கிட்டான். உள்ளே கம்!

"மெல்றது பிரச்சினை இல்லம்மா, அதுல இருக்கிற சர்க்கரைதான் பிரச்சினை"ன்னு சொல்லி அனுப்பினேன்.

இந்த ஒரு வரியை மருத்துவ உலகம் கத்துக்கிட்ட கதை அவ்வளவு இனிப்பானது இல்லை. வாங்க, பார்ப்போம் மக்களே.

2/
சூயிங் கம்முக்கு அமெரிக்காவில் ஆரம்பத்திலேயே காப்புரிமை வாங்கியவர்களில் ஒருவர் ஒரு பல் மருத்துவர். நம்புவீங்களா? ஓஹியோ மாநிலத்தின் வில்லியம் செம்பிள், ஆண்டு 1869. ரப்பரோடு சாக்குத்தூள், அதிமதுரப்பொடி போன்றவற்றைக் கலந்தார். மெல்லும்போது பல் சுத்தமாகணும் என்பது அவர் எண்ணம். அதாவது கம் பிறந்தபோது அது பல்லுக்கு எதிரி இல்லை.

3/
அடுத்து நியூயார்க்கின் தாமஸ் ஆடம்ஸ். மெக்சிகோவின் முன்னாள் அதிபர் சாந்தா அன்னா மூலம் 'சிக்கிள்' என்ற மரப்பால் அவர் கைக்கு வந்தது. நாம சாப்பிடுற சப்போட்டா மரத்தின் பால்தான் அது! ரப்பருக்கு மாற்றாக்கப் பார்த்தார், தோற்றார். மீந்ததை மெல்லக் கொடுத்தார், ஜெயித்தார். 1871-இல் கம் செய்யும் இயந்திரத்துக்குக் காப்புரிமையும் வாங்கினார்.

4/
பிறகு சிகாகோவின் ரிக்லி. சோப்பு விற்க வந்தவர், பேக்கிங் பவுடருக்கு மாறி, அதோடு இலவசமாகக் கொடுத்த கம்முக்கே மவுசு அதிகம்னு கண்டுக்கிட்டார். 1893-இல் ஜூசி ஃப்ரூட் வந்தது. கம் உலகம் முழுக்கப் போனது, கூடவே சர்க்கரையும் போனது.

5/
சர்க்கரை பல்லை எப்படிக் கெடுக்குது? பல் மேல் படிந்திருக்கும் கிருமிகள் சர்க்கரையைத் தின்று அமிலத்தைக் கக்கும். அந்த அமிலம் எனாமலைக் கரைக்கும். 1940-களில் அமெரிக்காவின் ராபர்ட் ஸ்டீஃபன் இதை அளந்து காட்டினார். சர்க்கரைத் தண்ணீரில் வாய் கொப்பளித்த சில நிமிடத்தில் பல் படிவு அமிலமாகிடுது. பழைய நிலைக்குத் திரும்ப அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை ஆகுது.

அப்போ எவ்வளவு சர்க்கரை என்பதை விட, எத்தனை தடவை, எவ்வளவு நேரம் என்பதுதான் முக்கியமா? மனிதர்களிடம் இதை யார் சோதிச்சுப் பார்ப்பாங்க?

6/
சோதிச்சாங்க.

ஸ்வீடன், லுண்ட் நகரம், விபெஹோல்ம் மருத்துவமனை. அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களை, 'கல்வி புகட்ட முடியாதவர்கள்' என்று முத்திரை குத்தி வைத்திருந்த இடம். அரசே முன்னின்று 1945-இல் பல் ஆய்வைத் தொடங்கியது. 1947-இல் சர்க்கரைக் கட்டம் ஆரம்பம். சிலருக்குச் சாப்பாட்டோடு சர்க்கரை. சிலருக்குச் சாப்பாட்டுக்கு நடுநடுவே மிட்டாய். பல்லில் நல்லா ஒட்டிக்கொள்ளும்படி தயாரித்த டாஃபி, ஒரு குழுவுக்கு நாளைக்கு 8, இன்னொரு குழுவுக்கு 24. இனிப்புத் தொழில்துறையும் பணம் கொடுத்தது.

7/
முடிவுகள் 1954-இல் வெளியாகின. சாப்பாட்டோடு சேர்ந்த சர்க்கரையால் சொத்தை கொஞ்சம்தான் கூடியது. இடையிடையே தின்ற ஒட்டும் மிட்டாயால் பற்கள் மளமளவென்று சொத்தையாகின. இன்றைக்கும் பல் மருத்துவப் பாடத்தில் இந்த ஆய்வு இருக்கு. ஸ்வீடனில் 'சனிக்கிழமை மட்டும் மிட்டாய்' என்ற பழக்கம் பரவியதும் இதன் பிறகுதான்.

8/
அந்த நோயாளிகளிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. கேட்டாலும் மறுக்கும் நிலையில் பலர் இல்லை. இத்தனைக்கும் அதே 1947-இல்தான், 'தானே முன்வந்து சம்மதிக்காத மனிதர் மேல் சோதனை கூடாது' என்று நியூரம்பெர்க் நெறிமுறை எழுதப்பட்டது.

அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கிறவன் என்பதால் இது எனக்கு உறுத்துது. நம்ம வார்டுகளிலும் 'டாக்டர் சொன்னா சரிதான்' என்று கையெழுத்து போடுறவங்கதான் அதிகம். அந்த நம்பிக்கை எவ்வளவு பெரிய பொறுப்புன்னு விபெஹோல்ம் ஞாபகப்படுத்துது.

9/
அடுத்த திருப்பம் பின்லாந்தின் துர்கு நகரில், 1970-களில். ஷைனின், மேக்கினென் என்ற ஆய்வாளர்கள் சாதா சர்க்கரைக்குப் பதிலா சைலிட்டால் என்ற இனிப்பைக் கொடுத்துப் பார்த்தாங்க. சொத்தைக் கிருமிகளால் இதை அமிலமா மாற்ற முடியாது. ஒரு வருடம் கம்மை மட்டும் வைத்தும் சோதிச்சாங்க. சர்க்கரை கம் மென்றவர்களுக்குச் சொத்தை கூடியது, சைலிட்டால் கம் மென்றவர்களுக்குக் கூடவில்லை.

சைலிட்டாலுக்குத் தனிச் சக்தி எவ்வளவு என்பதில் விவாதம் இன்னும் ஓடுது. ஆனா மெல்லும்போது ஊறும் உமிழ்நீர் அமிலத்தைத் தணிக்கும் என்பதில் சந்தேகம் இல்லை.

10/
ஆகவே,
▪️ சர்க்கரை உள்ள கம்மை நாள் முழுக்க மென்றால் பல் கெடும்.
▪️ சர்க்கரை இல்லாத கம்மை, சாப்பிட்ட பின் ஒரு 20 நிமிடம் மென்றால் பல்லுக்குக் கேடு இல்லை, நன்மையே. பாக்கெட்டில் என்ன கலந்திருக்குன்னு படிச்சுப் பாருங்க.
▪️ காலையும் இரவும் ஃப்ளோரைடு பேஸ்ட்டால் பல் துலக்குவதற்கு இது மாற்று இல்லை.
▪️ தாடை வலி இருக்கிறவங்க தவிர்க்கணும். சின்னக் குழந்தைகளுக்குக் கொடுக்காதீங்க, தொண்டையில் சிக்கும்.
▪️ வீட்டில் நாய் இருந்தா, சைலிட்டால் அதுக்கு விஷம். எட்டாத இடத்தில் வையுங்க.

11/
'சாப்பாட்டுக்கு நடுவுல இனிப்பு வேண்டாம்'னு சாதாரணமா சொல்லிட்டுப் போறோம். அதை நமக்குக் கத்துக்கொடுத்தது, 'எனக்கு வேண்டாம்' என்று சொல்ல முடியாத சில நூறு பேரின் பற்கள். உங்க குழந்தைக்கு இந்த அறிவுரையைச் சொல்லும்போது அவங்களையும் ஒரு நிமிஷம் நினைச்சுக்கோங்க.